சிட்டிபாபுவின் பின்வாசல்கள்

சிட்டிபாபுவை நான் முதன்முதலாகச் சந்தித்தது 2018ஆம் ஆண்டின் மாம்பழக் காலத்தில். சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலைகளின் வாயில்களில், தோதாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் பகலும் இரவுமாகக் காத்து நிற்கும் ஆனி மாதம் அது. என் காலஞ்சென்ற கணவரின் தோப்பில் விளைந்த பழமும் அந்த வரிசையில் நின்று, வெயிலில் மெல்ல மெல்ல வாசனை மாறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தொலைபேசியில் புலம்பியதைக் கேட்டு நானே நேரில் போயிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை அணிந்த ஓர் இளைஞர், கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வேறொருவருடைய டிராக்டரை எங்கள் டிராக்டரின் மூக்கை உரசியபடி ஆலையின் பின்வாசல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“வரிசை என்று ஒன்று இருக்கிறதே, தம்பி” என்றேன்.

அவர் கைபேசியை அணைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு, எதிரில் நிற்பவர் கோபப்பட இடமே கொடுக்காத சிரிப்பு.

“லைன் கீதும்மா, யாரு இல்லன்னாங்க? லைன்ல நிக்கறவங்களுக்கு லைன் கீது. உங்க வண்டி நெம்பர் சொல்லுங்க, அதையும் இப்டியே இட்டுக்கினு பூடலாம்.”

வேண்டாம் என்றேன். என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால், அதையும் மரியாதை குறையாமல்தான் நினைத்தார். போவதற்கு முன் எனக்கொரு மோர்ப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சில ஆண்டுகள் கழித்து, திருப்பதியில் என் வீட்டின் கீழ்ப்பகுதிக்குக் குடிவந்தவர் அவரேதான். மனைவி அம்சவேணி, நான்கு வயது மகள் நந்திதா, ஒரு வெள்ளைக் கார். இவ்வளவுதான் குடும்பம். நகரியை அடுத்த ஒரு சிற்றூரில் தலைமுறை தலைமுறையாகக் கரும்பு பயிரிட்டு வந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர் சிட்டிபாபு. தம் வாழ்க்கைக் கொள்கை எப்படி உருவாயிற்று என்பதை, குடிவந்த அன்றே பால் காய்ச்சிய கையோடு எனக்கு விளக்கினார்.

“எங்க நைனா பேரு நாகபூஷணம். தங்கமான மனுசன். ஆயுசுல பாதி லைன்ல நின்னாரு. கரும்பு வெட்ட பர்மிட்டுக்கு லைனு, விதைக்கு லைனு, ரேசனுக்கு லைனு. மீதி பாதி, கவுண்டரை மூடிட்டாங்கன்னு திரும்பி வந்துகினு இருந்தாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேம்மா. நம்பள்து எதுவும் முன்வாசல் வழியா நடக்காது.”

ரேணிகுண்டா விமான நிலையத்தில் இறங்கும் விருந்தினர்களை மலைக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவருடைய தொழில். ஆனால், கார் ஓட்டுவது அதில் மிகச் சிறிய பகுதி. எந்தப் பெரியவரின் உதவியாளர் எந்தக் கிழமையில் நல்ல மனநிலையில் இருப்பார், எந்த அலுவலகத்தில் எந்த மேசையருகே நின்று பேச வேண்டும், யாருடைய பெயரை யாரிடம் சொல்லக் கூடாது என்பவையெல்லாம் அவருக்கு மனப்பாடம். திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கு உறவினர் குறைவதே இல்லை. பள்ளியில் உடன் படித்தவர், சம்பந்தியின் தம்பி, எப்போதோ ரயிலில் எதிர் இருக்கையில் அமர்ந்தவர் என்று, எல்லோரும் மாதந்தோறும் தரிசனத்துக்கு வந்து நிற்பார்கள். மருத்துவர்கள் வீட்டில் இந்த வருகை இருமடங்கு. நோயாளிகளை விட்டுவிட்டு விருந்தினரோடு மலையேற அவர்களால் முடியுமா? ஆகவே, ஊரிலிருந்த பெரிய மருத்துவர்கள் பலருக்கும் சிட்டிபாபு இன்றியமையாதவராக இருந்தார். அவர்களுடைய மருத்துவமனைகளின் முன்வாசலை அவர் கண்டதில்லை. வீடுகளின் பின்வாசல்களை எல்லாம் அறிவார். சமையற்கட்டில் காப்பி கிடைக்கும்.

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், ஆறு வயதாகியிருந்த நந்திதா மாடிப்படி ஏறி வருவதை நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் படிகளில் ஒற்றைக் காலால் குதித்துக் குதித்து வந்து, என்னிடம் முறுக்கு வாங்கிக்கொண்டு போவாள். இப்போது கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு, “ஆயா, நீ எறங்கி வா, எனக்கு கால் நோவுது” என்று குரல் கொடுத்தாள். மாலை நேரங்களில் உடல் சுடவும் செய்தது.

சிட்டிபாபு அன்றே அவளை எலும்பு மருத்துவர் கோபிகிருஷ்ணனின் வீட்டுக்குத் தூக்கிச் சென்றார். அந்த மருத்துவரின் மாமியாரைச் சக்கர நாற்காலியில் வைத்து மலையில் தரிசனம் செய்வித்தவர் அல்லவா? மருத்துவர் ஊஞ்சலில் ஆடியபடியே குழந்தையின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். “வளர்ற வயசு சிட்டி, கால் வலிக்காம எப்படி வளருவா? டானிக் குடு. அது சரி, நம்ம சகலை வியாழக்கிழமை வர்றாரே, ரூம் சொல்லிட்டியா?”

கை குழந்தையின் காலில் இருந்தது. கவனம் சகலையின் அறையில் இருந்தது. கட்டணம் வாங்கவில்லை. கட்டணம் இல்லாததால் சீட்டு இல்லை. சீட்டு இல்லாததால், நந்திதா என்றொரு நோயாளி அங்கு வந்து போனதை அறிந்தவர்கள் அந்த மருத்துவரும், அவர் வீட்டு நாயும் மட்டுமே.

டானிக் தீர்ந்தது, காய்ச்சல் தீரவில்லை. முகம் வெளுத்தது. இரண்டு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. இந்த முறை இருதய மருத்துவர் ஆதிகேசவன். சிட்டிபாபு வீடு திரும்பியபோது அவருடைய நடையிலேயே ஒரு பெருமிதம் தெரிந்தது.

“இருதயத்துல ஒன்னுமே இல்லன்ட்டாரும்மா! குதிரை மாதிரி ஓடுதாம். எவ்ளோ பெரிய டாக்டரு தெரியுமா? மத்தவங்களுக்கு ஒரு மாசமானாலும் அப்பாயின்ட்மென்ட் கெடைக்காது. நம்ம பாப்பாவுக்கு சாப்பிட்டுக்கினு இருந்தவரு கை கழுவிட்டு வந்து பார்த்தாரு.”

அம்சவேணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலைநிமிராமல் கேட்டாள்: “அவளுக்கு இருதயம் நோவுதுன்னு யாருய்யா சொன்னது?”

“ஏமே, உனக்கு ஒன்னும் தெரியாது. சும்மா இரு.”

பிறகு கால்களிலும் முதுகிலும் நீல நிறத் திட்டுகள் தோன்றின. பள்ளித் தாளாளரைச் சிட்டிபாபுவுக்குத் தெரியும் என்பதால், குழந்தையைக் கிள்ளியிருக்கக்கூடும் என்று ஓர் ஆயம்மா விசாரிக்கப்பட்டார்; அந்த அம்மாள் அழுதுகொண்டே தெய்வத்தின் மேல் ஆணையிட்டார். தோல் மருத்துவர் ஒருவர் களிம்பு கொடுத்தார். சிறுநீரக மருத்துவர் ஒருவர், சிறுநீரகங்கள் இரண்டும் பழுதின்றி இருக்கின்றன என்று வாழ்த்தினார். யாரைத் தெரியுமோ, அவருடைய உறுப்பில் நோய் தேடப்பட்டது. குழந்தைகளுக்கான மருத்துவர் எவரும் சிட்டிபாபுவுக்குப் பழக்கமில்லை. அவர்கள் நாள் முழுவதும் வரிசைகளுக்கு நடுவே இருப்பவர்கள். பின்வாசலில் நின்று பேச அவர்களுக்கு ஏது நேரம்?

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர்களுள் ஒருவர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். சொன்னார், எழுதவில்லை. சிட்டிபாபு தம் நண்பர் ரமணா நடத்திய பரிசோதனைக் கூடத்துக்கு மகளை அழைத்துப் போனார். நந்திதா ஊசியைக் கண்டதும் கூச்சலிட்டாள். ரமணாவுக்கு மனம் இளகிவிட்டது.

“நம்ம பாப்பாவுக்கு எதுக்குங்க பெரிய ஊசி? வெரல்ல ஒரு சொட்டு போதும்.”

அந்த ஒரு சொட்டு, இரத்தம் குறைவு என்பதை மட்டும் சொன்னது. ஏன் குறைவு என்று சொல்ல அதற்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. முன்பின் தெரியாதவரின் குழந்தையாக இருந்திருந்தால், கையைப் பிடித்து அழுத்திக் குழாய் நிறைய எடுத்திருப்பார்கள். சலுகை என்பது இப்படியும் வேலை செய்யும். அன்று முதல் எங்கள் தெருவில் பீட்ரூட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. அண்டை வீட்டார் அனைவரும் ஆளுக்கொரு கிண்ணம் கொண்டுவந்தார்கள். நானும் மாதுளம்பழம் வாங்கி வந்தேன்.

“துன்ன மாட்டேன். எல்லாம் செவப்பு, வாந்தி வருது” என்றாள் நந்திதா.

தை பிறந்தபோது குழந்தையின் வயிறு ஒரு பக்கமாக உப்பியிருந்தது. அம்சவேணி அன்று கணவரை வாசலிலேயே மறித்தாள். மூன்று வீடுகளுக்கு அவள் குரல் கேட்டது.

“யோவ், பெரியாஸ்பத்திரில புள்ளைங்களுக்குன்னே ஓபி கீதாம். காலைல போய் சீட்டு வாங்கினா பாப்பாங்களாம். நான் போறேன்.”

“லைன்ல நிக்கவா? நம்பளா?”

“ஏன், உனக்கு காலு இல்லியா?”

“புரிஞ்சுக்க, அம்சா. அங்க பாதி ஆளுங்க நம்பள பாத்தவங்க. சிட்டிபாபு பொண்டாட்டி லைன்ல நிக்கறான்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் எனக்கு போன் பண்ணுவான்? ஒரு வாரம் குடு. நம்பளுக்குத் தெரிஞ்ச பெரியவரோட பிஏகிட்ட சொல்லி, டைரக்டர் ரேஞ்சுல ஒருத்தரைப் புடிக்கிறேன்.”

“டைரக்டரு இன்னாய்யா, சினிமாவா எடுக்கப் போறாரு?”

இருந்தாலும் அவள் அந்த ஒரு வாரத்தைக் கொடுத்தாள். அவரைப் போல் எல்லோரையும் அறிந்தவர் சொல்லும்போது, எவரையும் அறியாத தன் சொல்லை எப்படி நம்புவாள்?

அந்த வாரம் முடிவதற்குள், ஒரு காலையில் நந்திதாவின் மூக்கிலிருந்து இரத்தம் வடியத் தொடங்கி, நிற்கவே இல்லை. பெரிய குடும்பம் ஒன்றை அழைத்துக்கொண்டு சிட்டிபாபு மலைக்குப் போயிருந்தார். அம்சவேணி கைபேசியில் திரும்பத் திரும்ப அழைத்தாள். கோயிலுக்குள் போகும் முன் கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது யாருக்கும் விலக்கில்லாத விதி. ஊரையே இணைத்து வைத்திருந்த அந்தக் கைபேசி, ஏதோ ஒரு பெட்டிக்குள் கிடந்து ஒலித்துக்கொண்டிருந்தது. அம்சவேணி அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. துண்டால் குழந்தையின் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்டோவை நிறுத்தினாள். நானும் ஏறிக்கொண்டேன்.

குழந்தைகள் பிரிவின் முன் வரிசை, நடைபாதையைத் தாண்டி வேப்பமரம் வரை நீண்டிருந்தது. அம்சவேணி அதன் கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள்.

“ஐயோ, ரத்தம் ஊத்துதே! நீ இன்னாத்துக்குமே இங்க நிக்கற? முன்னால போ.”

அவளுக்கு முன்னால் இருந்தவர் தெலுங்கில் ஏதோ சொல்லி விலகினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் விலகினார். ஒருவரும் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் சிட்டிபாபு எந்த வரிசையை அஞ்சி ஓடினாரோ, அந்த வரிசை தானாகவே இரண்டாகப் பிளந்து, அவர் மகளை உள்ளே அனுப்பியது.

உள்ளே இருந்த இளம் மருத்துவரின் பெயர் ஹரிதா. இரவுப் பணி முடிந்தும் வீடு போகாத கண்கள். மூக்கில் பஞ்சு வைத்துவிட்டு, கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், வயிற்றை அழுத்தினார், பாவாடையை உயர்த்தி நீலத் திட்டுகளைப் பார்த்தார். தெலுங்கில் கேட்கத் தொடங்கியவர், அம்சவேணி திணறுவதைக் கண்டு தமிழுக்கு வந்தார்.

“எவ்ளோ நாளா இப்படி இருக்கு?”

“கார்த்திகைலேர்ந்து.”

“யார்கிட்டயும் காட்டலையா?”

“காட்டாம இன்னா? எலும்பு டாக்டரு, இருதய டாக்டரு, தோல் டாக்டரு, கிட்னி டாக்டரு.”

“கிட்னி டாக்டர் எதுக்கு?”

“அவரு மாமனாரு மலைக்கு வந்திருந்தாரு.”

ஹரிதா சிரிக்கவில்லை. “சீட்டு, ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?”

அம்சவேணி வெறும் கையை விரித்தாள். அந்தப் பெரிய ஊசி அப்போதுதான் முதன்முறையாக நந்திதாவின் கையில் இறங்கியது. மாலைக்குள் முதல் முடிவு வந்துவிட்டது; எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து உறுதி செய்ய மேலும் சில மணி நேரம் ஆயிற்று. இரத்தப் புற்றுநோய்.

ஹரிதா அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: “இது குணமாகிற வியாதிம்மா. நிறைய புள்ளைங்க பொழச்சு ஸ்கூலுக்குப் போகுது. ஆனா உங்க பாப்பாவுக்கு ரொம்ப முத்தின பிறகு வந்திருக்கீங்க. மருந்து கேக்குதா இல்லியான்னு முதல் மாசம் முடிஞ்சாத்தான் சொல்ல முடியும். இன்னைக்கே ஆரம்பிக்கணும்.”

சிட்டிபாபு அப்போதுதான் வந்தார். நெற்றியில் திருநாமம், ஒரு கையில் பிரசாதப் பை, மறு கையில் மீட்டெடுத்த கைபேசி. செய்தியைக் கேட்டதும் குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு, தமக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். யாரையோ அழைத்துப் பேசி, கைபேசியை ஹரிதாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“மேடம், சார் லைன்ல கீறாரு. ஒரு வார்த்தை பேசிடுங்க.”

“எந்த சார்?”

சிட்டிபாபு பெயரைச் சொன்னார். ஊரில் அந்தப் பெயருக்குக் கதவுகள் திறக்கும்.

“அவர் என்ன சொல்வார்?” என்று ஹரிதா கேட்டார்.

“நம்ப பாப்பாவை ஸ்பெசலா பாத்துக்கச் சொல்வாரு, மேடம்.”

“ஸ்பெஷல் மருந்துன்னு எதுவும் கெடையாதுங்க. அந்தப் பெட்ல இருக்கற பையனுக்குக் குடுக்கறதுதான் இவளுக்கும். சாரை அப்புறம் பேசச் சொல்லுங்க, நான் ஊசி போட நரம்பு தேடணும்.”

சிட்டிபாபு வெளியே வந்து நடைபாதையில் நடந்தார், அழைத்தார், நடந்தார். பிறகு வேகமாக உள்ளே வந்தார். “அம்சா, எழுந்துரு. ஐதராபாத்ல ஒரு ஆஸ்பத்திரி. பெரியவரோட மச்சான் அங்க போர்டுல கீறாரு. ரெண்டு நாள்ல அட்மிசன் பண்ணித் தரேன்றாரு. தனி ரூமு, தனி நர்சு.”

அம்சவேணி கட்டிலின் விளிம்பில், மகளின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் குரல் உயரவில்லை. எனக்கு அதுதான் அச்சமாக இருந்தது.

“ரெண்டு நாளு. அப்புறம் மச்சான் ஊருக்குப் போயிருப்பான். அப்புறம் இன்னொரு ரெண்டு நாளு. கார்த்திகைலேர்ந்து நீ வாசல் வாசலா தூக்கினு போனே, ஒருத்தன் இவ வயித்துல கை வெச்சுப் பாத்தானாய்யா? இந்தப் பொண்ணு பாத்துது. நான் இங்கேர்ந்து எழுந்துக்க மாட்டேன். நீ வேணும்னா அந்தத் தனி ரூமுல போய்ப் படுத்துக்க.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணை மூடிக் கிடந்த நந்திதா மெல்லிய குரலில், “நைனா, சண்ட போடாத, லட்டு குடு” என்றாள். லட்டு கொடுக்கலாமா என்று சிட்டிபாபு ஹரிதாவைத் திரும்பிப் பார்த்தார். ஒரு மருத்துவரிடம் அவர் கேட்ட முதல் உண்மையான கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று ஹரிதா தலையசைத்தார். சிட்டிபாபு பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மருந்து அன்றே ஏற்றப்பட்டது.

முதல் மாதம் எளிதாக இல்லை. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குழந்தைக்கு மிகவும் குறைந்துபோயின. கொடையாளர்கள் வேண்டும் என்றார்கள். இந்த வேலையில் தம்மை மிஞ்ச ஆளில்லை என்று சிட்டிபாபு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கைபேசியில் இல்லாத பெயரா? எல்லோரும் உடனே எடுத்தார்கள், எல்லோரும் வருந்தினார்கள், எல்லோரும், “நான் சொல்லிடறேன்” என்றார்கள். சொல்லவும் செய்தார்கள். இரத்த வங்கியின் தொலைபேசி அன்று ஓயவில்லை. சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலிருந்து, சங்கத் தலைவரிடமிருந்து, யாரென்றே தெரியாத ஓர் ஆலோசகரிடமிருந்து என்று இரத்த வங்கிக்குச் சிபாரிசுகள் வந்து குவிந்தன. இரத்தம் வரவில்லை. கடைசியில், ஒரே பிரிவு இரத்தம் என்று தெரிந்ததும் சிட்டிபாபுவே சட்டைக் கையை மடித்துவிட்டுப் படுத்தார். அவருடைய காரை மாற்றி ஓட்டும் சலீம் அடுத்த கட்டிலில் படுத்தார்.

“அண்ணா, நீ ஊசியப் பாத்து கண்ண மூடிக்கினியே, நான் பாத்துட்டேன்” என்றார் சலீம்.

“போடா. தூக்கம்டா அது.”

மருந்தின் வேகத்தில் நந்திதாவின் தலைமுடி முழுவதும் உதிர்ந்தது. வேறு ஊராக இருந்தால், மொட்டைத் தலையோடு ஒரு பெண் குழந்தை போவதைக் கண்டு நான்கு பேர் பரிவோடு கேட்பார்கள். திருப்பதியில் யாருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. ஆட்டோக்காரர், தேநீர்க் கடைக்காரர், மருந்துக் கடைப் பெண் எல்லோரும் முகம் மலர்ந்து, “மலைக்குப் போய் வந்தாச்சா? தரிசனம் நல்லா ஆச்சா?” என்று விசாரித்தார்கள். எத்தனையோ பேருக்குத் தரிசனம் செய்வித்த சிட்டிபாபு, தொப்பியை மகளின் காதுவரை இழுத்துவிட்டு, “ஆச்சுங்க, நல்லா ஆச்சு” என்று சொல்லிக்கொண்டே நடப்பார்.

முதல் மாதம் முடிந்து மீண்டும் மஜ்ஜையைச் சோதித்தபோது, மருந்து கேட்கிறது என்று ஹரிதா சொன்னார். முழுக் குணம் என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருந்து உண்டு, நடுவில் திரும்பவும் வரலாம், தாமதமாக வந்ததால் அந்த ஆபத்து சற்றுக் கூடுதல் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது சிட்டிபாபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனிதர் அடியோடு மாறிவிட்டார் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். கொஞ்ச நாளில், வரிசைகளைப் பற்றியும் அவர் பெருமை பேசத் தொடங்கினார். எந்தச் சன்னலில் சீட்டு விரைவாகக் கிடைக்கும், எந்த ஊழியர் கணினியை ஒற்றை விரலால் தட்டுவார், செவ்வாய்க்கிழமை கூட்டம் ஏன் குறைவு என்பவற்றையெல்லாம் எனக்கு விவரிப்பார். “நம்பளுக்கு லைன்லயே ஆளுங்க கீறாங்கம்மா” என்பார். ஆனால் முன்னால் போகமாட்டார். யாராவது துண்டும் இரத்தமுமாக வந்தால் விலகி வழிவிடுவார். தம் முறை வரும்வரை மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார். கோபிகிருஷ்ணனின் வேறொரு சகலை வந்தபோது, தமக்கு ஓபி நாள் என்று சொல்லிவிட்டாராம். அந்த வீட்டு ஊஞ்சல் ஒரு வாரம் ஆடவில்லை என்று கேள்வி.

மருத்துவமனையை ஒட்டிய சந்தில் அறை ஒன்று கிடைத்ததும், ஆடி பிறக்கும் முன்பே அவர்கள் என் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. அம்சவேணி முன்னால் ஏறி அமர்ந்து, நந்திதாவை மடியில் வைத்துக்கொண்டாள். சிட்டிபாபு மட்டும் மறுபடியும் மாடிப்படி ஏறி வந்தார். கதவருகே தயங்கி நின்றார். இதற்கு முன் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை, கொடுக்கத்தான் வந்திருக்கிறார்.

“அம்மா, உங்க வராந்தால மடக்கு சேரு ஒன்னு கீதே, அத்த குடுப்பீங்களா? லைன்ல புள்ளைய ஒக்கார வெக்கணும். நான் நின்னுக்குவேன்.”